கணக்குச் சேருக்குக் கொடுத்த கல்யாணப் பத்திரிகை

மகன்,

இன்னும் இரண்டு வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை, உனக்குக் கல்யாணம். நீ வேலை செய்கிற வில்கமுவவிலிருந்து அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் வந்து சேர்வாய். வந்த நிமிஷத்திலிருந்து உன்னைச் சுற்றி மச்சான்மாரும் மாமாமாரும் நிற்பார்கள். உன்னைத் தனியாகப் பிடித்துப் பேச எனக்கு இடம் கிடைக்காது. கிடைத்தாலும் நான் பேசினால் சண்டை பிடிப்பதுபோலத்தான் கேட்கும். இத்தனை வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டி, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிப் பழகிய தொண்டை இது. அதனால் எழுதுகிறேன். சாவகாசமாக வாசி. கல்யாணத்துக்கு முன்னாலேயே வாசித்துவிடு.

போன சனிக்கிழமை முதல் பத்திரிகையைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வேனில் ஏறினோம். "அடுத்தது பெரியப்பாவுக்கா?" என்று கேட்டேன். நீ பத்திரிகைக் கட்டைப் பிரித்தபடியே, "இல்லப்பா, கணக்கு சேருக்கு" என்றாய். நான் சாவியைத் தேவைக்கு மேலே பலமாகத் திருகினேன். நீ கவனித்திருப்பாய். அன்று பின்னேரம் அம்மாவிடம் போய், என் அண்ணனுக்கு முன்னால் அந்தக் கணக்கு வாத்தியாருக்கா பத்திரிகை என்று புலம்பினேன். அவள் பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "ஒங்களுக்கு பொறாமைங்க. அவன் பத்தாம் வகுப்பு படிச்ச நாள்லருந்து பொறாமை. அண்ணன் பேர ஏன் இழுக்கிறீங்க?" என்றாள்.

அவள் சொன்னது சரி. உன்னைத் தட்டிக்கொடுத்த ஒரு வாத்தியார்மீது தகப்பனுக்குப் பொறாமை வந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கும். உன்னை ஏறெடுத்தும் பார்க்காத ஒருவர்மீது எனக்குப் பொறாமை வந்தது. அது எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். உனக்கும் நாளைக்கு ஒரு பிள்ளை பிறக்கும், அதுவும் பள்ளிக்கூடம் போகும்.

முதலாம் வகுப்பிலிருந்து நீ என் பக்கத்தில், முன்சீட்டில் உட்கார்ந்துதான் ஸ்கூல் போனாய். அலுவிகாரையில் தொடங்கி மாத்தளை டவுன் போய்ச் சேரும்வரை வாய் ஓயாது. எந்த பஸ் எங்கே நிற்கிறது, எந்தக் கடைக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று எல்லாம் எனக்குச் சொல்லியாக வேண்டும். நீ பத்தாம் தரத்துக்குப் போன வருஷம் உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தார் அந்தக் கணித ஆசிரியர். நம் வீட்டுக்குக் கொஞ்சம் மேலே வாடகைக்கு வீடு எடுத்தார். "அண்ணே, நானும் ஒங்க வேன்லயே வாரேனே" என்று கேட்டார். சேர் ஒருவரை எப்படிப் பின்னால் பிள்ளைகளோடு நெருக்கி உட்கார வைப்பது? மறுநாள் நீ யாரும் சொல்லாமலே உன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டாய். அவர் குடையை மடித்துக் காலடியில் வைத்துக்கொண்டு உன் இடத்தில் உட்கார்ந்தார். எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

மனுஷர் மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் பேசுவார். என்னை ஒருநாளும் 'டிரைவர்' என்று கூப்பிட்டதில்லை, 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். வழியில் பகிடி விடுவார், பிள்ளைகள் எல்லோரும் சிரிப்பார்கள். கண்ணாடியில் பார்த்தால் எல்லோரையும்விட நீதான் அதிகமாகச் சிரித்துக்கொண்டிருப்பாய். அவருடைய வீட்டு முடுக்கு வருவதற்கு முன் தலையைக் கையால் படிய வாரிக்கொள்வாய். அவர் சட்டைப் பையில் இரண்டு பேனை குத்தியிருப்பார், நீயும் இரண்டு குத்தத் தொடங்கினாய். அவர் ஏழு எழுதினால் நடுவில் குறுக்கே ஒரு கோடு போடுவாராம். ஒருநாள் பார்த்தால் உன் கொப்பி முழுக்கக் கோடு போட்ட ஏழு. நான் ஷேவ் எடுக்கிறதைப் பார்த்து நுரை பூசிக்கொண்ட பிள்ளை நீ. இப்போது வேறொருவரைப் பார்த்து எழுதுகிறாய் என்று எனக்குள் ஒரு புகைச்சல்.

இவ்வளவு ஆசை வைத்திருக்கிற மாணவனை அவர் தலையில் தூக்கி வைத்திருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உன் வகுப்பில் படித்த ரிஸ்னா, நம் வேனில் வந்த பிள்ளை, ஒருநாள் சேர் இறங்கிப் போன பிறகு சொன்னாள்: "அங்கிள், சேர் இவன்ட கொப்பிய பாக்கிறதே இல்ல. கைய தூக்கினாலும் கேக்க மாட்டாரு. இவன் இருக்கிற வரிசைய தாண்டிப் போவாரு." நீ அவளை முறைத்தாய். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அப்படி ஒன்னுமில்லப்பா, சேருக்கு வேல கூட" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய். அவரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாயே என்று எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

நீ காய்ச்சலில் கிடந்த ஒருநாள், காலையில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் எல்லோரும் இறங்கிய பிறகு வேனில் நானும் அவரும்தான். மெதுவாகக் கேட்டேன்.

"சேர், மகன் எப்படி படிக்கிறான்?"

"நல்ல பிள்ளை அண்ணே. ஒரு கரச்சலும் இல்ல."

"கணக்கு எப்படி?"

அவர் காலடியிலிருந்த குடையை எடுத்தார். "எல்லாருக்கும் கணக்கு வராது அண்ணே. எனக்கு ஒரு பிள்ளைய பாத்த ஒடனே தெரிஞ்சிரும். ஏலாத பிள்ளைய போட்டு வதைச்சி என்ன செய்ய? ஒங்ககிட்டதான் வேன் ஒன்னு இருக்கே. கஷ்டப்பட மாட்டான்."

அதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னார், மகன். அதுதான் எனக்கு ஆறவில்லை. இறங்கும்போது, "நாளைக்கி கொஞ்சம் வெள்ளன வாங்க அண்ணே, கூட்டம் ஒன்னு இருக்கு" என்றார். நானும் "சரி சேர்" என்றேன்.

அவர் சொன்னதை உனக்குச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக உன்னை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுகிறேன் என்று நின்றேன். அன்று நீ முதல்முறையாக என்னிடம் கெஞ்சினாய். "வேணாம்ப்பா. சேர் நல்லா படிப்பிப்பாரு. எனக்கு படிப்பிக்கிறதில்ல, அவ்வளவுதான். முன் வரிசைக்கு சொல்றது பின் வரிசைக்கும் கேக்கும்தானே?" பதினைந்து வயதில் இப்படிச் சொன்னாய். ஒரு மனிதர் நமக்குக் கிடைக்காமல் போனாலும் அவருக்குத் தெரிந்த விஷயத்தை விட்டுவிடத் தேவையில்லை என்பது உனக்கு அப்போதே விளங்கியிருந்தது. எனக்கு அன்று அது விளங்கவில்லை. 'சேர் நல்லா படிப்பிப்பாரு' என்ற அந்த மூன்று சொல் மட்டும்தான் காதில் நின்றது. அப்பா நல்லா ஓட்டுவாரு என்று யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா என்று யோசித்துக்கொண்டு படுத்தேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததை ரிஸ்னா சொல்லித்தான் தெரியும். இடைவேளையில் ஆசிரியர்கள் இருக்கும் அறை வாசலில் போய் நிற்பாயாம். முழுக் கணக்கையும் விளங்கப்படுத்தச் சொன்னால் 'போய்ப் படி' என்று திருப்பி அனுப்பிவிடுவார் என்று கண்டுபிடித்துவிட்டாய். அதனால் தெரிந்தவரைக்கும் செய்துகொண்டு போய், சிக்கிய ஒரே ஒரு வரியைக் காட்டி, "சேர், இது சரியா பிழையா?" என்று கேட்பாய். "ஒரு பிழைய கண்ணு முன்னுக்கு வெச்சா அவரால திருத்தாம இருக்க ஏலாது" என்று அவளிடம் சொன்னாயாம். வாரத்துக்கு ஒரு வரி. அப்படித் தெரிந்துகொண்டதைப் பின்சீட்டில் உட்கார்ந்து ரிஸ்னாவுக்கும் அவள் தம்பிக்கும் சொல்லிக்கொடுப்பாய். அவளுக்கு விளங்காவிட்டால் நீயும் விளங்கிக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடுமாம். நான் கண்ணாடியில் பார்ப்பேன். மூன்று தலையும் ஒன்றாகக் குனிந்திருக்கும். சேர் வராத ஒருநாள் சிவப்பு விளக்கில் நின்றபோது, "அப்பாவுக்கும் கொஞ்சம் காட்டேன்" என்று கொப்பியை வாங்கிப் பார்த்து, "அடேயப்பா, நல்லா செஞ்சிருக்கியே" என்றேன். நீ சிரித்துக்கொண்டே கொப்பியை வாங்கி, "ஒங்களுக்கு எல்லாம் நல்லாதாம்ப்பா இருக்கும்" என்றாய். பின்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரன் ஹோன் அடித்தான். பச்சை விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

பதினோராம் தரத்தில் இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்தது. அன்று நீ வேனில் ஏறிய விதமே சரியில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். சேர் வழமைபோல முன்னால் உட்கார்ந்து கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார், நானும் 'ம்' போட்டுக்கொண்டு வந்தேன். அவர் இறங்கிய பிறகு ரிஸ்னா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று அடக்கமாகச் சொன்னாள். உனக்கு நல்ல புள்ளி வந்திருக்கிறது. அவர் விடைத்தாளை உன் கையில் கொடுக்கும்போது முழு வகுப்புக்கும் கேட்கிற மாதிரி, "பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் காலை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்கிறேன். முடுக்கில் அவர் குடையைப் பிடித்தபடி நின்றார். தூறல். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் கையைத் தூக்கினார், முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. தாண்டிப் போய்விட்டேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அப்போது பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"அப்பா, நிப்பாட்டுங்க."

நான் கேட்காதது மாதிரி ஓட்டினேன்.

"நிப்பாட்டுங்கப்பா. இல்லாட்டி நான் எறங்கி நடந்து வாரேன்."

நிறுத்தினேன். பின்னுக்கு எடுத்தேன். அவர் நனைந்த காலோடு ஏறி உட்கார்ந்து, "மறந்துட்டீங்களா அண்ணே?" என்று கேட்டார். "யோசனையில வந்துட்டேன் சேர்" என்றேன். ஸ்கூல் வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு நீ என் ஜன்னலருகே வந்தாய். யாருக்கும் கேட்காமல், "எனக்காக செஞ்சீங்களா, ஒங்களுக்காக செஞ்சீங்களா?" என்று கேட்டாய். பதிலை எதிர்பார்க்காமல் போய்விட்டாய். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உனக்காக என்று நினைத்துத்தான் வேனை எடுத்தேன். முடுக்கு வந்ததும் அது எனக்காக என்று ஆகிவிட்டது.

அன்று முதல் பாடமே கணக்கு. நீ எழுந்து நின்று, "சேர், பக்கத்துல யாரும் இல்லாம ஒன்னு செஞ்சி காட்டவா?" என்று கேட்டாயாம். திமிராகக் கேட்கவில்லை, தண்ணீர் குடிக்கப் போகவா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாய் என்று ரிஸ்னா சொன்னாள். அவர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதி சோக்கை நீட்டியிருக்கிறார். நீ செய்தாய். கடைசி வரியில் ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டாய். அவர் அதை அழித்துத் திருத்திவிட்டு, "சரி, உட்காரு" என்றாராம். மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து உன் கொப்பியும் மற்றக் கொப்பிகளோடு சேர்த்துத் திருத்தப்பட்டது. தாண்டிப் போய்க்கொண்டிருந்த வரிசையில் அவர் நிற்கத் தொடங்கினார். நான் வேனை வைத்துச் செய்ய நினைத்ததை நீ ஒரு சோக்குத் துண்டை வைத்துச் செய்துவிட்டாய். சந்தோஷப்பட வேண்டிய அந்த நேரத்திலும், இவனுக்கு நான் தேவைப்படவில்லையே என்றுதான் எனக்கு இருந்தது.

பதினோராம் தர முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தபோது கணிதத்துக்கு உனக்கு 'பி'. வகுப்பில் 'ஏ' எடுத்தவர்கள் இருந்தார்கள், ஆனால் எனக்கு அது மலையளவு. டவுனில் பெரிய கேக் வாங்கி வேனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வெட்டிக் கொடுத்தேன். நீ கூச்சத்தோடு தின்றாய். சேர் ஏறினார், அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேக்கைக் கடித்தபடி, உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பரவால்லையே" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு உன் முகம் மலர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். என் முழுக் கேக்கும் அந்த 'பரவால்லையே'க்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. அன்றைக்கு வந்த பொறாமை மாதிரி எனக்கு வாழ்க்கையில் வேறு எப்போதும் வந்ததில்லை.

பிறகு நீ உயர்தரம் படித்தாய், டிப்ளோமா செய்தாய், இப்போது வில்கமுவ வயல்களுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால்களில் அளவு பார்க்கிற வேலையில் இருக்கிறாய். சேர் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனார், ஓய்வுபெற்ற பிறகு திரும்பவும் நம் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அவரைப் பற்றிய நினைப்பு விட்டுப்போயிருந்தது. போன சனிக்கிழமை வரைக்கும்.

அங்கே நடந்தது நம் இருவருக்கும் தெரியும், ஆனால் நான் என்ன பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. அவர் இடுப்பில் சாரத்தோடு விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நீ தட்டத்தோடு போய்க் காலைத் தொட்டாய். நான் செருப்பைக் கழற்றாமல் படிக்குக் கீழேயே நின்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் உன்னைப் பார்த்தார்.

"எந்த பேட்ச் மகன்?"

"பத்தும் பதினொன்னும் ஒங்ககிட்டதான் சேர். கடைசி வரிசை."

"எத்தன பேர் படிச்சிட்டு போயிட்டாங்க. முகம் ஞாபகம் வருதில்லையே."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் ஒரு குதூகலம் எழும்பியது. இவனுக்கு நல்லா வேணும், என் அண்ணனைத் தள்ளிவிட்டு இங்கே வந்தானே என்று. அடுத்த நொடியே அவர் என்னைக் கண்டுவிட்டார். "ஆ! நம்ம வேன் அண்ணே! ஏன் வெளிய நிக்கிறீங்க, வாங்க வாங்க!" என்று எழுந்துவந்து கையைப் பிடித்தார். "இவரு மகனா நீ? மொதல்லயே சொல்லியிருக்கலாமே!" அதற்குப் பிறகு பிளேன்டீ வந்தது. அவர் என்னோடுதான் பேசினார். வேன், மழைக்காலம், டவுன் நெரிசல், பிள்ளைகளின் சத்தம். உன்னிடம் எங்கே வேலை என்றுகூடக் கேட்கவில்லை. என் குதூகலம் போன இடம் தெரியவில்லை. என் பிள்ளையைக் கேளுங்கள் சேர், இவன் வாய்க்காலுக்கு மட்டம் பார்க்கிறான், இவனைக் கேளுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. உன் முகம் வாடியிருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். நீ பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டு, நாங்கள் பேசுவதை ரசித்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது என்னால் அடக்க முடியவில்லை. "ஒன்ன அவருக்கு ஞாபகமே இல்லையேடா. ஏன் போனே?"

"எனக்கு அவரு ஞாபகம் இருக்கேப்பா. லெவல் பாக்கிறப்ப எல்லாம் அவரு சொன்ன மாதிரிதான் கணக்கு போடுறேன். அவருக்கு என்ன ஞாபகம் இருக்குங்கிறது அவரு பாடு."

"நான் எத்தன தடவ நல்லாயிருக்குன்னு சொல்லியிருக்கேன். அத ஒருநாளாவது பெருசா எடுத்தியா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும்ப்பா. சொல்லுவாரா மாட்டாரான்னு தெரியாத ஆள்கிட்டதானே மனசு போகும்."

ஒரு வாரமாக இதையே போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டேன், இது எனக்குப் பெருமையா குறையா என்று. "பிள்ள ஒங்கள நம்பிக்கிட்டு இருந்திருக்கான், அது போதாதா மனுஷனுக்கு?" என்றாள். போதும்தான். போதாமலும் இருக்கிறது. உனக்குப் பிள்ளை பிறந்து, அது யாரோ ஒரு டீச்சரின் ஒரு சொல்லுக்காக முகம் வாடி வீட்டுக்கு வரும்போது, நீ ஆயிரம் தரம் 'நல்லாயிருக்கு' என்பாய், அது காதில் வாங்காது. உனக்கும் எரியும். எரியட்டும். அந்த எரிச்சலில் போய்ப் பிள்ளையின் சண்டையை நீ பிடித்துவிடாதே. பிள்ளை 'நிப்பாட்டுங்க' என்று சொன்னால் நிப்பாட்டு. ஆனால் ஒன்றும் தெரியாதவன் மாதிரியும் இருந்துவிடாதே. பக்கத்திலே இரு, கேள், அது யார் யாரோடு உட்கார்ந்து படிக்கிறது என்று பார்த்து வை.

கல்யாணத்துக்குச் சேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் நானே முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கிறேன். உன் மாமனாரும் அங்கேதான் இருப்பார். உன்னை 'இன்ஜினியர்' என்று கூப்பிட்டு உன் வாயெல்லாம் பல்லாக வைக்கிற மனுஷன். அவரையும் சகித்துக்கொள்கிறேன். எனக்கு ஒன்று மட்டும் செய். தாலியைக் கையில் வாங்கியதும், கட்டுவதற்கு முன்னால், ஒருமுறை என் பக்கம் பார். அந்த நேரத்தில் அவர்கள் யாரையும் பார்க்காதே.

அப்பா